மூன்றாம் நம்பரின் கோணல்

அன்றைக்குக் காலையில் எறும்பு சிரித்துக்கொண்டேதான் கம்ப்யூட்டர் அறைக்குள் வந்தாள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சாயங்காலம் வரைக்கும் அந்தச் சிரிப்பை நீங்கள் மறுபடி பார்க்கப்போவதில்லை.

எறும்பு என்பது பெற்றவர்கள் வைத்த பேர் இல்லை, கண்ணுகளா. தடம் தவறிப்போன எறும்பு தன் தடத்தை மறுபடி எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று பல்கலைக்கழகத்தில் வருஷக்கணக்காக ஆராய்ச்சி பண்ணிக்கொண்டிருந்தவள் அவள். ஆளும் சின்ன உருவம். எப்போதும் எதையாவது தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று நடப்பாள். பேர் ஒட்டிக்கொண்டது. நடுவில் கல்யாணம் ஆயிற்று, குழந்தை பிறந்தது, குழந்தைக்கு உடம்புக்கு முடியாமல் போயிற்று. ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டிய கெடு தள்ளித் தள்ளிப் போய், இனிமேல் தள்ளுவதற்கில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள். அன்றைக்குச் சாயங்காலம் பதிவாளர் அலுவலகத்துச் சன்னல் கதவை இழுத்துச் சாத்துவதற்குள் அச்சடித்த ஆய்வேடு அந்தச் சன்னலுக்குள் போயாக வேண்டும். போகாவிட்டால் பதிவு ரத்து. அத்தனை வருஷமும் வீண்.

கூடவே அவள் நாத்தனாரும் வந்திருந்தாள். ஆஸ்பத்திரியில் நர்சு. ராத்திரி வேலை முடித்து, கண் இரண்டும் கோவைப்பழமாய்ச் சிவந்து, அண்ணிக்குத் தாள் அடுக்கித் தருவதற்காக வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே வந்திருந்தாள்.

"அண்ணி, இன்னைக்கு மட்டும் நீங்க இதைக் குடுக்கலைன்னா வீட்டுக்கு வராதீங்க. நேரா என் வார்டுக்கு வந்துடுங்க. ஒரு கட்டில் போட்டுத் தரேன்."

"கட்டில்ல நீ போய்ப் படு. முழிக்கிற முழியைப் பாரு."

நீளமான அறை அது. ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடிச் சன்னல், எதிர்ப்பக்கம் வரிசையாகக் கம்ப்யூட்டர்கள். ஒவ்வொன்றின் நெற்றியிலும் வெள்ளைச் சாயத்தில் நம்பர். அறைக்கே ஒரு பிரிண்டர்தான், அது ஒன்றாம் நம்பரோடு கட்டிப்போட்டிருந்தது. மூலையில் ஒரு மேசை, அதன் தலைக்கு மேலே 'உதவி' என்று ஒரு தகரப் பலகை. அந்த மேசையில் உட்கார்ந்திருந்தவளுக்கும் அதுவே பேராகிவிட்டது. மாணவர்கள் 'உதவியக்கா' என்றார்கள், பேராசிரியர்கள் 'உதவியைக் கூப்பிடு' என்றார்கள். திரை செத்துப்போச்சு என்று பதறி ஓடிவருகிற பேராசிரியருக்கு வெளிச்சக் குமிழைத் திருப்பிக் காட்டுவாள். விசைப்பலகையில் டீயைக் கொட்டிவிட்டு யாரோ கொட்டின மாதிரி நிற்பவர்களைப் பார்த்துப் பார்க்காத மாதிரி துணியை எடுத்துக் கொடுப்பாள். கம்ப்யூட்டர் என்றால் என்னவென்று ஊருக்கே பாதி தெரிந்து பாதி தெரியாத காலம் அது. எல்லாருடைய பயமும் கடைசியில் அவள் மேசைக்குத்தான் வந்து சேரும்.

சுவரில் அவள் கையெழுத்தில் ஒரு அறிவிப்பு: 'ஒவ்வொரு பிளாப்பிக்கும் ஒரு நகல் எடுத்து வையுங்கள்.'

எறும்பு அதை எழுத்துக்கு எழுத்து கடைப்பிடித்தவள். முதல் நாலு அத்தியாயங்களை எப்போதோ அச்சடித்து, திருத்தி, சுத்தப் பிரதியும் எடுத்துப் பையில் வைத்திருந்தாள். மிச்சம் ஐந்தும் ஆறும்தான். சோதனை முடிவுகள் எல்லாம் ஐந்தில். அதிலிருந்து அவள் கண்டுபிடித்துச் சொன்னது ஆறில். ஐந்துக்கு ஒரு பிளாப்பி, அதற்கு ஒரு நகல். ஆறுக்கு ஒரு பிளாப்பி, அதற்கு ஒரு நகல்.

ஐந்தை ஒன்றாம் நம்பரில் செருகினாள். உள்ளே கர்ர் கர்ர் என்று ஒரு சத்தம். திரையில் ஒரே வரி. படிக்க முடியவில்லையாம்.

நகலைச் செருகினாள். அதே சத்தம், அதே வரி. ஆறு, ஆறின் நகல், இரண்டாம் நம்பர், நாலாம் நம்பர். நாத்தனார் கொட்டாவியைப் பாதியில் நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள்.

"மூணாம் நம்பர்ல போட்டுப் பாக்குறேன். நான் எப்பவும் அதுலதான எழுதுவேன்," என்றாள் எறும்பு. குரல் இன்னும் திடமாகத்தான் இருந்தது.

மூணாம் நம்பரும் கர்ர் என்றது.

உதவி அப்போதுதான் எழுந்து வந்தாள். "ஏம்மா, இத்தனையும் மூணாம் நம்பர்லயேவா எழுதின?"

"ஆமாக்கா. அது எப்பவும் காலியா இருக்கும். காத்திருக்கவே வேண்டாம். என் ராசின்னு நெனச்சுப்பேன்."

"நகலும் அதுலயேவா எடுத்த?"

"அதுலயேதான். ஏன்கா?"

உதவி மூணாம் நம்பரைத் திரும்பிப் பார்த்தாள். மூணாம் நம்பர் ஏன் எப்போதும் காலியாக இருந்தது என்று அவளுக்குத் தெரியும். 'அக்கா, அது என் பிளாப்பியைப் படிக்க மாட்டேங்குது' என்று ஆள் மாற்றி ஆள் வந்து புகார் சொன்னதால்தான் காலியாக இருந்தது. புகார் தாங்காமல் மெக்கானிக்கைக் கூப்பிட்டதும் அவள்தான். அவர் நேற்றுத்தான் வந்து போனார். 'தலை விலகிப் போயிருந்துச்சும்மா, நேராக்கிட்டேன்' என்று சொல்லி, தான் நேராக்கின திருகின்மேல் ஒரு சொட்டுச் சிவப்புச் சாயத்தை வைத்துக் காயவிட்டுப் போனார்.

இதைக் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள், கதையின் முடிச்சே இதில்தான் இருக்கிறது. பிளாப்பி என்பது ஒரு உறைக்குள் சுற்றுகிற மெல்லிய தட்டு. அதன்மேல் வட்ட வட்டமாகத் தடங்கள் போகும். கம்ப்யூட்டருக்குள் இருக்கிற ஒரு சின்னத் தலை அந்தத் தடத்தின்மேல் உட்கார்ந்து எழுதும், படிக்கும். மூணாம் நம்பரின் தலை நாளாக ஆகக் கொஞ்சம் கொஞ்சமாக ஓரமாய் விலகிக்கொண்டே போயிருந்தது. தான் விலகி எழுதினதைத் தானே விலகிப் படித்துக்கொள்ளும், அதில் தகராறே இல்லை. மற்ற கம்ப்யூட்டர்கள் தடம் இருக்க வேண்டிய இடத்தில் தேடும். அங்கே ஒன்றும் இருக்காது. முதல் நாலு அத்தியாயங்களை அச்சடித்த காலத்தில் விலகல் கொஞ்சம்தான், அதனால் ஒன்றாம் நம்பர் எப்படியோ படித்துவிட்டது. இப்போது மூணாம் நம்பரையும் நேராக்கியாயிற்று. எறும்பு எழுதினது எல்லாம் பிளாப்பியில் பத்திரமாக அப்படியே இருக்கிறது. அதைப் படிக்கக்கூடிய தலைதான் உலகத்தில் ஒன்றுகூடப் பாக்கியில்லை.

உதவி எதையும் மென்று முழுங்கவில்லை. இருக்கிறதை இருக்கிறபடி சொன்னாள். கடைசியில், "நேராக்கச் சொன்னது நான்தாம்மா," என்றும் சொன்னாள்.

எறும்பு நான்கு பிளாப்பிகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினாள், கலைத்தாள், மறுபடி அடுக்கினாள். நாத்தனாருக்குத்தான் பொங்கிவிட்டது.

"நல்லா இருக்குக்கா உங்க உதவி! எங்க வார்டுல நோயாளியைக் கொன்னுட்டு ஆபரேஷன் வெற்றின்னு சொல்லுவாங்க, அந்தக் கதையா இருக்கு. குழந்தையை மடியில போட்டுக்கிட்டு எழுதினவங்க இவங்க. எங்கண்ணன்கிட்ட நான் எத்தனை சண்டை போட்டேன் தெரியுமா இவங்க படிக்கறதுக்கு?"

"ஏய், சும்மா இரு," என்றாள் எறும்பு. பிறகு உதவியைப் பார்த்து, மெதுவாக, "அக்கா, நேராக்கினதை மறுபடி கோணலாக்க முடியுமா?" என்று கேட்டாள்.

உதவி அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள். நினைக்கவே பயமாக இருந்ததால் வாயைத் திறக்கவில்லை.

மெக்கானிக் வீட்டுக்குப் போன் போட்டாள். அவருடைய சம்சாரம் எடுத்து, "அவரு விடியறதுக்கு முன்னாடியே வெளியூருக்குக் கிளம்பிட்டாருங்களே. பொழுது சாயத்தான் வருவாரு," என்றார்.

கம்ப்யூட்டர் அறையின் மேலாளரிடம் போக வேண்டியதாயிற்று. இடுப்பில் சாவிக்கொத்து தொங்க, நடக்கும்போது ஆளுக்கு முன்னால் சத்தம் வரும் மனிதர். முதுகுக்குப் பின்னால் 'சாவி' என்பார்கள். கேட்டவுடனேயே இரண்டு கையையும் தூக்கிவிட்டார்.

"அந்தச் சிவப்புச் சாயம் என்னன்னு தெரியுமில்ல? அதை உடைச்சா கம்பெனிக்காரன் இனிமே நம்ம வாசப்படி மிதிக்க மாட்டான். ஒப்பந்தமே போச்சு. எல்லா மெஷினுக்கும் சேர்த்துப் போச்சு. அதோட, நீ என்ன மெக்கானிக்கா?"

"இல்ல சார். அவரு நேராக்கறப்போ பக்கத்துல நின்னு பார்த்தேன், அவ்வளவுதான். எந்தத் திருகுன்னு தெரியும். எவ்வளவு திருப்பினாருன்னு தெரியாது."

"பேஷ். தெரியாதுன்னு சொல்லிக்கிட்டே திருப்பப் போற."

எறும்பு உதவிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். முன்னால் வந்தாள். "சார், திருகுல ஒரு கோடு, பக்கத்துல தகட்டுல ஒரு கோடு. முதல்ல ஊசியால கீறிடறேன். எங்கேர்ந்து கிளம்பினோம்னு தெரிஞ்சா அங்கேயே திரும்பி வந்துடலாம். மைக்ராஸ்கோப்புல நாங்க அப்படித்தான் செய்வோம்."

சாவி அவளைப் பார்த்தார். அவள் கையில் இறுக்கிப் பிடித்திருந்த பிளாப்பிகளைப் பார்த்தார். அப்புறம் சன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"நான் அந்தக் கம்ப்யூட்டர் ரூமுக்கு வரவே இல்ல," என்றார். "என்கிட்ட யாரும் எதுவும் கேக்கல."

"சரி சார்."

"ஆனா அந்த மெயின் சுவிட்சுப் பக்கம் எவனாவது பையை மாட்டுவான், இடிப்பான். அங்க நின்னு பார்த்துக்கறேன்."

வரவே வராத மனிதர் முன்னால் நடந்தார், சாவிக்கொத்து குலுங்க.

இன்னொரு சங்கடமும் இருந்தது. எழுதுகிற புரோகிராமும் ஒரு பிளாப்பியில்தான் இருந்தது, அது நேரான பிளாப்பி. தலையைக் கோணலாக்கிவிட்டால் அதைப் படிக்காது. அதனால் முதலிலேயே புரோகிராமைக் கம்ப்யூட்டரின் நினைவுக்குள் ஏற்றிவிட்டு, அது உயிரோடு ஓடிக்கொண்டிருக்கும்போதே மூடியைக் கழற்றித் தலையை நகர்த்த வேண்டும். நடுவில் மின்சாரம் ஒரு சிமிட்டுச் சிமிட்டினாலும் ஆரம்பத்திலிருந்து வர வேண்டியதுதான். அதற்கு நேரம் இல்லை.

பிரிண்டரை ஒன்றாம் நம்பரிலிருந்து பிடுங்கி, மூன்று பெண்களும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி மூணாம் நம்பருக்குக் கொண்டுவந்தார்கள். கல்லாய்க் கனத்தது. புரோகிராமை ஏற்றினார்கள். உதவி மூடியைக் கழற்றினாள். நாத்தனார் மேசை விளக்கைத் தூக்கிப் பிடித்தாள். உள்ளே பச்சைத் தகடும் கம்பிகளும், நடுவில் அந்தத் திருகும், அதன்மேல் நகப்பூச்சு மாதிரி பளபளக்கிற சிவப்புச் சொட்டும் தெரிந்தன.

"அக்கா, இதுல கையை வெச்சா ஷாக் அடிக்குமா?"

"தகட்டுல படாம இருந்தா அடிக்காது."

"பட்டா?"

"நர்சுதானே நீ. பார்த்துக்கோ."

எறும்பு ஊசியால் கீறினாள். உதவி திருப்புளியை வைத்து அழுத்தினாள். சாயம் 'டிக்' என்று உடைந்தது. சுவிட்சுப் பக்கத்திலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது.

அத்தியாயம் ஐந்தைச் செருகினார்கள். கர்ர். உதவி ஒரு துளி திருப்பினாள். மறுபடி படிக்கச் சொன்னாள். கர்ர். இன்னொரு துளி. துளி என்று நினைத்துத் திருப்பினது துளியாக இல்லை, துள்ளிப் போயிற்று. திருப்பித் திருப்பிக் கொண்டுவந்தாள், அப்புறமும் துள்ளிற்று. நெற்றி வியர்வை மூக்கு நுனிக்கு வந்து நின்றது. நர்சு ஒரு கையில் விளக்கைப் பிடித்தபடி மறு கையிலிருந்த கைக்குட்டையால் அதைத் துடைத்தாள், ஆபரேஷன் அறையில் டாக்டருக்குத் துடைப்பதைப் போல. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் சண்டை போட்டவள்தான்.

"குடுங்கக்கா, நான் திருப்பறேன்," என்றாள் எறும்பு. "நீங்க திரையைப் பார்த்துச் சொல்லுங்க. எறும்போட கொம்புல இருக்கற முடியை மைக்ராஸ்கோப்புல பார்க்கறப்போ இதைவிடக் கம்மியாத்தான் திருப்புவேன்."

உதவி திருப்புளியைக் கொடுத்தாள். கொடுக்கும்போது கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் கூச்சப்பட நேரமில்லை.

எறும்பு முழங்கையை மேசையில் ஊன்றினாள். மூச்சைப் பிடித்தாள். விரல் நகர்ந்ததா இல்லையா என்றே தெரியவில்லை.

"இப்போ?"

"இல்ல."

"இப்போ?"

"இல்லம்மா."

"இப்போ?"

உள்ளேயிருந்து வந்த கர்ர் திடீரென்று நின்றது. டிக், டிக், டிக் என்று மழைச் சொட்டு மாதிரி ஒரு மெல்லிய சத்தம். திரையில் எழுத்து ஓடிற்று.

"வந்துடுச்சு," என்றாள் உதவி. சத்தமே எழும்பவில்லை. "வந்துடுச்சும்மா."

எறும்பு கையை எடுக்காமலே, "அசையாதீங்க யாரும்," என்றாள். ஊசியால் அந்த இடத்தில் இன்னொரு கோடு கீறினாள். அத்தியாயம் முழுக்க நினைவுக்குள் ஏறினதும் பிரிண்டர் கதற ஆரம்பித்தது. அந்தக் காலத்துப் பிரிண்டர், பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகத்தான் துப்பும். ஓரத்தில் துளை போட்ட தாள் மடிந்து மடிந்து கீழே இறங்கியது. நர்சு தரையில் உட்கார்ந்து தாளைக் கிழித்துக் கிழித்து அடுக்கினாள். மத்தியானம் போயேபோய்விட்டது. யாரும் சாப்பிடவில்லை, சாப்பிடவில்லை என்று யாருக்கும் ஞாபகமும் இல்லை.

ஆறாவது அத்தியாயம்தான் உயிரை எடுத்தது.

ஐந்து படித்த இடத்தில் ஆறு படிக்கவில்லை. "தலை நாளாக ஆக விலகிக்கிட்டே போச்சுன்னா, கடைசியா எழுதின இது இன்னும் தள்ளித்தான் இருக்கும்," என்றாள் உதவி. எல்லாருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. எறும்பு அதே பக்கமாக இன்னும் திருப்பினாள். கர்ர். இன்னும். கர்ர். இன்னும் இன்னும். ஒவ்வொரு தடவையும் தலை அந்தத் தட்டைச் சுரண்டிக்கொண்டே இருந்தது. திரும்பத் திரும்ப, அதே பக்கம், அதே நம்பிக்கை.

விளக்கைப் பிடித்திருந்த நர்சுதான் முதலில் மோப்பம் பிடித்தாள். "அக்கா, ஏதோ காந்தற வாசனை வருது."

பிளாப்பியை உருவிப் பார்த்தார்கள். உறையின் சின்னத் திறப்பு வழியாகத் தெரிந்த பழுப்புத் தட்டில், மெல்லியதாய்ப் பளபளவென்று ஒரு வளையம் விழுந்திருந்தது. மேல் பூச்சு தேய்ந்துவிட்டது. அதிலிருந்த எழுத்தும் அதோடு போயிற்று.

சுவிட்சுப் பக்கத்தில் சாவிக்கொத்துகூடச் சத்தம் போடவில்லை.

"நகல் இருக்கு," என்றாள் உதவி.

"ஒண்ணே ஒண்ணு," என்றாள் எறும்பு.

நாத்தனார் அவள் தோளைத் தொட்டாள். "அண்ணி, மத்தியானம் தாண்டிப் போச்சு. நான் வேணா அஞ்சு அத்தியாயத்தையும் எடுத்துக்கிட்டுப் போய் அந்தச் சன்னல்ல நிக்கட்டுமா? கதவைச் சாத்த வந்தா மயங்கி விழறேன். எனக்கு எப்படி விழணும்னு தெரியும், தினம் பாக்குறேன்."

எறும்பு சிரிக்கவில்லை. "போ. ஆனா மயங்காத. அரைகுறையா வாங்கிக்கிட்டாங்கன்னா அவ்வளவுதான். நான் வர்ற வரைக்கும் கையில பிடிச்சுக்கிட்டு நில்லு."

"விளக்கை யாரு பிடிப்பா?"

சாவி சுவிட்சைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார். ஒரு நாற்காலியை இழுத்துச் சுவிட்சுக்கு முன்னால் காவலுக்கு வைத்துவிட்டு வந்து, விளக்கை வாங்கிக்கொண்டார். நர்சு தாள் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினாள்.

உதவி நகலைச் செருகப் போனாள். எறும்பு அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இருங்கக்கா. நாம தப்பாத் தேடிட்டோம்."

"எப்படிம்மா?"

"ஒரே பக்கமாப் போய்க்கிட்டே இருந்தோம். தடம் தப்பின எறும்பு அப்படிப் போகாது. அப்படிப் போற எறும்பு செத்துப்போயிடும். கடைசியா தடம் தெரிஞ்ச இடத்துக்குத் திரும்பி வரும். அங்கேர்ந்து கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம். கிடைக்கலைன்னா இன்னும் கொஞ்சம் அகலமா இந்தப் பக்கம், அந்தப் பக்கம்." உதவியின் கையிலிருந்த நகலைத் தொட்டுக் காட்டினாள். "வருஷக்கணக்கா நான் எழுதினதே அதுதான். அந்த நகலுக்குள்ளயே அதுதான் இருக்கு."

அவள் திருகை முழுக்கத் திருப்பி, ஐந்து படித்த இடத்துக் கோட்டுக்கே கொண்டுவந்து நிறுத்தினாள். அப்புறம்தான் நகலைச் செருகச் சொன்னாள்.

"ஒவ்வொரு இடத்துலயும் ஒரே ஒரு தடவைதான் படிக்கச் சொல்லணும்கா. சுரண்ட விடாதீங்க. கர்ருன்னு ஆரம்பிச்ச உடனே நிறுத்திடுங்க."

விலகின பக்கம் ஒரு மயிரிழை. கர்ர். நிறுத்தம். நேரான பக்கம் ஒரு மயிரிழை. கர்ர். நிறுத்தம். மறுபடி விலகின பக்கம், இன்னும் கொஞ்சம் கூட. நிறுத்தம். ஒவ்வொரு தடவையும் கோட்டுக்குத் திரும்பி வந்து, மூச்சு விட்டு, அப்புறம்தான் அடுத்தது. சாவியின் கையில் விளக்கு ஆடியது. "சார், ஆட்டாதீங்க," என்றாள் உதவி. மேலாளரை அவள் அப்படி அதட்டியது அதுதான் முதல் தடவை. "சரிம்மா, சரிம்மா," என்றார் அவர்.

நேரான பக்கம், இன்னும் கொஞ்சம்.

டிக், டிக், டிக்.

எறும்பு கண்ணை மூடிக்கொண்டாள். உதவி திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எழுத்து ஓடி ஓடி வந்து, ஒரு இடத்தில் தயங்கிற்று. கர் என்று ஒரு அரைச் சத்தம். எறும்பின் விரல் தானாகவே ஒரு அணு நகர்ந்தது. சத்தம் மறுபடி மழைச் சொட்டாயிற்று. கடைசி வரி வந்து நின்றது.

"அந்த மேசை!" என்றார் சாவி திடீரென்று. "வெயில் படுதுன்னு மூணாம் நம்பர் மேசையை நடுவுல ஒருநாள் நகர்த்தினோமே! ஆளுக்கொரு பக்கம் இழுத்தப்போ நல்லா இடிச்சுதே! அதுலதான் தலை கொஞ்சம் திரும்பி வந்திருக்கு!"

அதைக் கேட்க அங்கே யாருக்கும் நேரமில்லை. உதவி பிரிண்டரைத் தட்டிவிட்டாள்.

அப்போது பார்த்து மேலே இருந்த குழல் விளக்கு கண் சிமிட்டியது.

திரை ஒரு தடவை நடுங்கியது. எழுத்தெல்லாம் ஓரமாய்ச் சாய்ந்து, சுருங்கி, மறுபடி விரிந்தது. மூன்று பேரும் அசையாமல் நின்றார்கள். பிரிண்டர் அரை வரியில் நின்று யோசித்தது. அப்புறம், ஒன்றுமே நடக்காத மாதிரி, மிச்ச அரை வரியைத் துப்பியது. உதவிக்கு உயிர் போய் உயிர் வந்தது.

கடைசித் தாள் வெளியே வந்தபோது வெயில் சன்னலை விட்டு இறங்கியிருந்தது. கிழித்துப் பிரிக்க நேரமில்லை. ஒட்டினது ஒட்டினபடியே, மடிந்து மடிந்து கிடந்த அந்த நீளத் தாளை வாரிக்கொண்டு எறும்பு ஓடினாள். படிக்கட்டில் ஒரு முனை நழுவி, அவளுக்குப் பின்னால் வாலாக இழுபட்டது. எதிரே வந்த மாணவர்கள் சுவரோடு ஒட்டி வழிவிட்டார்கள்.

பதிவாளர் அலுவலகத்துச் சன்னலில் எழுத்தர் கதவில் கை வைத்துவிட்டிருந்தார். நாத்தனார் தன் முழங்கையைச் சன்னல் சட்டத்தில் வைத்து, கதவைச் சாத்தினால் தன் கையோடுதான் சாத்த வேண்டும் என்கிற மாதிரி சாய்ந்து நின்று, அவரிடம் அவருடைய மூட்டுவலியைப் பற்றிச் சாவகாசமாக விசாரித்துக்கொண்டிருந்தாள்.

"ராத்திரியில அதிகமா இருக்கா, காலையில அதிகமா இருக்கா?"

"காலையிலதாம்மா. எழுந்திரிக்கவே... ஏம்மா, நேரமாச்சும்மா, கையை எடும்மா."

"எடுக்கறேன் எடுக்கறேன். மாடி ஏறினா வலிக்குதா? ஆங், இதோ வந்துட்டாங்க எங்கண்ணி!"

எறும்பு வந்து மோதினாள். இரண்டு பேரும் அங்கேயே தரையில் உட்கார்ந்து, மடித்த ஓரங்களைக் கிழித்துக் கிழித்துச் சேர்த்தார்கள். எழுத்தர் கதவைப் பாதி சாத்தினபடி பார்த்துக்கொண்டே நின்றார். "பக்கம் மாறாம வையுங்கம்மா," என்றார் கடைசியில். கட்டு சன்னலுக்குள் போயிற்று. முத்திரை குத்துகிற சத்தம் கேட்டது. அப்புறம்தான் கதவு சாத்தப்பட்டது.

எறும்பு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே அழுதாள். நாத்தனார் அவளை அழவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "அண்ணி, கையெல்லாம் மை. அதோட முகத்தைத் துடைச்சு மீசை வரைஞ்சு வெச்சிருக்கீங்க. எங்கண்ணன் பயந்துடுவான்," என்றாள். எறும்பு அழுகையோடு அழுகையாகச் சிரித்தாள்.

வீட்டுக்குக் கிளம்பியிருக்கலாம். ஆனால் எறும்பு எழுந்து, மறுபடி கம்ப்யூட்டர் அறைக்குத்தான் நடந்தாள்.

அங்கே உதவியும் சாவியும் மூணாம் நம்பருக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். யாரும் எதையும் அணைக்கவில்லை. ஆறாம் அத்தியாயம் இன்னும் அதன் நினைவுக்குள் உயிரோடு இருந்தது.

"வாங்கிக்கிட்டாங்களா?" என்று கேட்டாள் உதவி.

எறும்பு தலையை ஆட்டினாள். உதவி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு ஒரு நிமிஷம் அப்படியே இருந்தாள். அப்புறம் எழுந்து திருப்புளியை நீட்டினாள்.

"வாம்மா. எழுதினது உள்ள இருக்கறப்பவே தலையை நேராக்கிடலாம். நேராக்கிட்டுப் புதுப் பிளாப்பியில எழுதி வெச்சுட்டா எங்க போட்டாலும் படிக்கும். உனக்காகத்தான் காத்துக்கிட்டிருந்தோம். என் கைக்கு அந்த நிதானம் வராது."

எறும்பு திருகை முதல் கோட்டுக்குக் கொண்டுவந்தாள், கிளம்பின இடத்துக்கே. புதுப் பிளாப்பியில் எழுதச் சொன்னார்கள். அதை எடுத்துக்கொண்டு உதவி ஒன்றாம் நம்பருக்குப் போனாள். செருகும்போது யாரும் மூச்சு விடவில்லை.

டிக், டிக், டிக்.

"மெக்கானிக் வந்தா சாயம் எங்கேன்னு கேட்பான்," என்றார் சாவி. "என்ன சொல்றது?"

நாத்தனார் தன் பையைத் துழாவி ஒரு சின்னப் புட்டியை எடுத்தாள். நகப்பூச்சு. கிட்டத்தட்ட அதே சிவப்பு.

சாவி அதை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "வேண்டாம்மா. நான்தான் உடைக்கச் சொன்னேன்னு சொல்லிக்கறேன்."

"நீங்கதான் இந்த ரூமுக்கே வரலையே சார்?" என்றாள் நர்சு.

உதவி அதற்குள் நாற்காலியை இழுத்துப் போட்டுச் சுவரிலிருந்த அறிவிப்பின் முன்னால் ஏறி நின்றுகொண்டிருந்தாள். 'ஒவ்வொரு பிளாப்பிக்கும் ஒரு நகல் எடுத்து வையுங்கள்' என்பதற்குக் கீழே, தடித்த பேனாவால், 'நகலை வேறொரு கம்ப்யூட்டரில் படித்துப் பாருங்கள்' என்று எழுதினாள். எழுத்து கோணலாகத்தான் வந்தது. எறும்பு கீழே நின்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.